புள்ளியில் தொடங்கிய வரி

ஆவணப் பிரிவில் சேர்ந்த முதல் மாதத்தில் உங்களுக்கு என்ன வேலை கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் கட்டளையின் மேனுவல் பக்கத்தை அனுப்பி, ஃபார்மேட்டிங்கை மட்டும் சரிசெய்யச் சொல்வார்கள். எங்கே தடித்த எழுத்து, எங்கே சாய்வெழுத்து, எங்கே இடைவெளி, எந்தச் சிறுகோடு எந்த வகை. உள்ளடக்கத்தில் கை வைக்க வேண்டாம், அதை அனுபவப்பட்டவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். ஃபார்மேட்டிங்கில் தவறு நடந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது என்ற நம்பிக்கையில்தான் அந்த வேலை புதியவர்களிடம் வருகிறது. எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது. எப்படிப் போனது என்று சொல்கிறேன்.

மேனுவல் பக்கம் என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். கறுப்புத் திரையில் ஒரு கட்டளையை அடிப்பதற்கு முன்னால், அது என்ன செய்யும், எதைச் செய்யாது என்று அங்கேயே திறந்து படித்துக்கொள்ளும் பக்கம். ஆனால் நாம் எழுதுவது ஒரு கோப்பில், படிப்பவர் பார்ப்பது திரையில். நடுவில் ஒரு நிரல் இருந்து, நம் கோப்பை வாங்கிப் பக்கமாக அடுக்கிக் கொடுக்கிறது. நான் சொல்லப்போவது அந்த நடுவில் நடந்தது.

சேமிப்பு மென்பொருள் செய்யும் ஒரு சென்னை நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் என் பாதி ஆயுள் கழிந்தது. கொரோனாவில் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியபோது நான் திருவண்ணாமலைக்கு வந்துவிட்டேன். கணவர் இங்கே அரசு வேலையில் இருந்ததால் வேங்கிக்காலில் வீடு கட்டியிருந்தோம். பிறகு திரும்பி வரச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை. பௌர்ணமி அன்று வெளியூர் பஸ்களின் ஹாரன் சத்தம் மீட்டிங்கில் கேட்காமல் இருக்க மைக்கை அணைத்து வைப்பேன். மற்றபடி சென்னையில் செய்த அதே வேலைதான்.

அப்படி ஒரு மீட்டிங்கில்தான் முதலில் அந்தச் செய்தியைக் கேட்டேன். வாடிக்கையாளர் உதவிப் பிரிவின் தலைவர் அந்த மாதத்துப் புகார்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். திருவண்ணாமலையில் ஒரு ஸ்கேன் சென்டரில், அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆள் எங்கள் கட்டளை ஒன்றை ஓட்டி, நோயாளிகளின் பழைய படங்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டான் என்றார். எச்சரிக்கை இணையதளத்தில் தெளிவாக இருக்கிறது, அந்த ஆள் படிக்கவில்லை, லிங்க்கை அனுப்பிப் புகாரை முடித்துவிட்டோம் என்றும் சொன்னார். "மேடம் ஊர்க்காரர்தான்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். சிலர் சிரித்தார்கள். அடுத்த புகாருக்குப் போனார்கள்.

எந்த சென்டர் என்று எனக்குப் புரிந்தது. பழைய ஸ்கேன் எல்லாம் போய்விட்டது என்று ஊரில் பேச்சு இருந்தது. அந்த ஆள் வேலையை விட்டு அனுப்பப்பட்டதும் காதில் விழுந்தது. பெயர் தணிகைவேல் என்பது பிறகுதான் தெரிந்தது.

சில மாதங்கள் போயின. எனக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. புதிய வெளியீடு ஒன்றுக்கு முன்னால், மேனுவல் பக்கங்களைச் சோதிக்கும் கருவி ஒன்று எல்லாப் பக்கங்களிலும் குறைகளைக் காட்டியிருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. பக்கத்தில் இருக்கும் சிறுகோட்டை நகலெடுத்துக் கறுப்புத் திரையில் ஒட்டினால் கட்டளை அதை ஏற்காது, ஏனென்றால் அது அச்சுக்கான சிறுகோடு. இந்த மாதிரிக் குறைகள். பழைய நகல்களை நீக்கும் கட்டளையின் பக்கம் என் பங்குக்கு வந்தது. தணிகைவேல் ஓட்டிய அதே கட்டளை. அதை அப்போது நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

கருவி காட்டிய குறைகளில் ஒன்று மட்டும் வித்தியாசமாக இருந்தது. 'கீப்' என்ற உத்தரவு எனக்குத் தெரியாது என்றது.

இந்த இடத்தில் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் கோப்பில் ஒரு வரி புள்ளியில் தொடங்கினால், நடுவில் இருக்கும் நிரல் அதைப் படிக்கும் வரியாக எடுத்துக்கொள்ளாது. தனக்கு இடப்பட்ட உத்தரவு என்று நினைக்கும். இங்கே தலைப்பு போடு, இங்கே புதுப் பத்தி தொடங்கு என்பதெல்லாம் அப்படித்தான் சொல்லப்படுகின்றன. தெரியாத உத்தரவாக இருந்தால் அது முறையிடாது. அந்த வரியை முழுசாக விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும்.

அந்தக் கட்டளை, பழைய கோப்புறைகளை அழிக்கும். அழிக்கக் கூடாத கோப்புறைக்குள் ஒரு அடையாளக் கோப்பைப் போட்டு வைக்க வேண்டும். அந்தக் கோப்பின் பெயர் 'கீப்', முன்னால் ஒரு புள்ளி. மேனுவலில் அதைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அடையாளம் உள்ள கோப்புறை அழிக்கப்படாது என்பது முதல் வாக்கியம். இரண்டாவது வாக்கியம் அந்தக் கோப்பின் பெயரிலேயே தொடங்கியது. மேல் கோப்புறையில் போட்ட அடையாளம் அதற்குள் இருக்கும் கோப்புறைகளைக் காப்பாற்றாது, ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் போட வேண்டும் என்பது அதன் பொருள்.

அந்த வாக்கியம் ஒரு தனி வரியில், புள்ளியில் தொடங்கி நின்றது.

பக்கத்தைத் திரையில் திறந்து பார்த்தேன். முதல் வாக்கியம் இருந்தது. அதற்குப் பிறகு வேறு ஏதோ விஷயம் தொடங்கியது. நடுவில் எதுவும் விடுபட்ட மாதிரியே தெரியவில்லை. ஒரு முறை மேலே போய்விட்டு மறுபடியும் கீழே வந்து பார்த்தேன். இல்லை. அப்போதுதான் அந்த மீட்டிங்கும் சிரிப்பும் ஞாபகத்துக்கு வந்தன.

கோப்பின் பழைய பதிப்புகளைத் தேடிப் பார்த்தேன். தொடக்கத்தில் அந்த இரண்டு வாக்கியங்களும் ஒரே வரியில் தொடர்ந்து இருந்தன, திரையில் சரியாகத் தெரிந்திருக்கும். இணையதளத்தில் இருந்தது அந்தப் பழைய பக்கம், அதை யாரும் புதுப்பிக்கவில்லை. இடையில் ஒருவர், ஒவ்வொரு வாக்கியத்தையும் புது வரியில் தொடங்க வேண்டும் என்ற நம் பிரிவின் விதிப்படி, கோப்பு முழுவதையும் ஒழுங்குபடுத்தியிருக்கிறார். விதி சரியானது, இன்றும் அதையே உங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். அந்த ஒழுங்கில்தான் எச்சரிக்கை வரியின் முதலுக்கு வந்து மறைந்துபோனது. திருத்தத்தின் குறிப்பில் எழுதியிருந்தது: ஃபார்மேட்டிங் திருத்தங்கள் மட்டும், உள்ளடக்கத்தில் மாற்றமில்லை.

சரிசெய்ய இரண்டு எழுத்து போதும். புள்ளிக்கு முன்னால் படிப்பவர் கண்ணுக்குத் தெரியாத ஒரு இரண்டெழுத்துக் குறியீட்டைப் போட்டால் வரி திரும்பி வந்துவிடும். போட்டேன், வந்தது.

மேலாளரை அழைத்தேன். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர், கெட்டிக்காரர், நியாயமானவர் என்றுதான் இன்றும் சொல்வேன். அன்று சாயங்காலத்தோடு வெளியீட்டில் திருத்தங்கள் சேர்ப்பதை நிறுத்துகிறார்கள். நான் சொன்னதை முழுசாகக் கேட்டார்.

"மேடம், இதுவும் ஃபார்மேட்டிங் ஃபிக்ஸ்தானே? மத்ததோட சேத்து உள்ள அனுப்பிடுங்க" என்றார்.

ஒரு எச்சரிக்கையே இத்தனை நாளாக யார் கண்ணிலும் படவில்லை, அதை ஃபார்மேட்டிங் என்று எப்படி எழுதுவது என்று கேட்டேன். இதைத் தனித் திருத்தமாகப் பிரித்து, என்ன மறைந்திருந்தது என்று தலைப்பிலேயே எழுதப்போகிறேன் என்றேன்.

"எழுதுங்க. நான் தடுக்கல. ஆனா அப்படி எழுதினா அது லீகலுக்குப் போகும். இன்னிக்கு ரிலீஸ்ல வராது. அவங்க பாத்து முடிக்க எவ்வளவு நாளாகும்னு உங்களுக்கே தெரியும். அதுவரைக்கும் இந்தக் கமாண்ட எத்தனை எடத்துல ஓட்டுவாங்க, சொல்லுங்க."

அவர் தன் வசதிக்காகவும்தான் அப்படிச் சொல்லியிருப்பார். ஆனால் சொன்னது உண்மை. உண்மையை வெளிப்படையாக எழுதினால் எச்சரிக்கை அடைபட்டுக் கிடக்கும். எச்சரிக்கை இன்றே போக வேண்டுமென்றால் வாயை மூடிக்கொண்டு அனுப்ப வேண்டும். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டேன்.

மொட்டை மாடிக்குப் போய் நின்றேன். வெயில் இறங்கியிருந்தது. எங்கோ ஒரு ஊரில் யாரோ ஒருவர் அதே பக்கத்தைத் திறந்து, கவனமாகப் படித்து, மேல் கோப்புறையில் அடையாளத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாகக் கட்டளையை அடிப்பது மாதிரி மனத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. வேலை போனவனுக்கு நியாயம் முதலிலா, இனி அந்தக் கட்டளையை ஓட்டப்போகிறவர்களுக்குப் பாதுகாப்பு முதலிலா? இப்படி நிற்கும்போது மனசு எந்தப் பக்கம் நம்மை நல்லவராகக் காட்டுமோ அந்தப் பக்கம் சாயும். எனக்கும் சாய்ந்தது. தனியாகப் பிரித்து, தலைப்பில் உண்மையை எழுதி, என் பெயரோடு அனுப்பினால் எனக்குத் திருப்தியாக இருக்கும். ஆனால் படிப்பவரின் திரையில் அந்த வரி இருக்காது.

கீழே வந்து, திருத்தத்தை மற்றவற்றோடு சேர்த்தே அனுப்பினேன். ஒன்று மட்டும் செய்தேன். உள்ளடக்கத்தில் மாற்றமில்லை என்று வழக்கமாகச் சேர்க்கும் வாக்கியத்தைச் சேர்க்கவில்லை. வெளியீட்டில் அது போய்ச் சேர்ந்ததை உறுதிப்படுத்திக்கொண்ட பிறகு, நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் இரண்டாவது வேலையைத் தொடங்கினேன். எந்த வரி, எந்தத் திருத்தத்தில் மறைந்தது, இடைப்பட்ட பதிப்புகளை வைத்திருப்பவர்களுக்கு ஏன் அறிவிக்க வேண்டும், திருவண்ணாமலை ஸ்கேன் சென்டருக்கு நாம் சொன்ன பதில் ஏன் தவறு என்று தனிப் பதிவு ஒன்றை எழுதி, சட்டப் பிரிவு வரைக்கும் அனுப்பினேன். அன்றே எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. மறுநாள் உட்கார்ந்தால் அவசரம் போயிருக்கும். அவசரம் போய்விட்டால் இந்த மாதிரிப் பதிவை யாரும் எழுத மாட்டார்கள், நானும் எழுதியிருக்க மாட்டேன்.

பதிவைப் பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. உதவிப் பிரிவில் கேட்டபோது, முடிந்த புகாரைத் திறக்க முடியாது என்றார்கள். வாராவாரம் கேட்டேன். கேட்கக் கேட்க எனக்கு வரும் வேலை கம்மியானது. அடுத்த வெளியீட்டின் பக்கங்கள் வேறு ஒருவருக்குப் போயின. யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை.

ஒரு நாள் மேலாளரை அழைத்து, நான் அந்த ஸ்கேன் சென்டர் ஆளைப் பார்க்கப் போகிறேன் என்றேன். அலுவலகத்தின் எந்தக் கோப்பையும் கொண்டுபோக மாட்டேன். வரி மறைந்த பக்கம் அவர் கம்ப்யூட்டரிலேயே இருக்கும், புதிய பக்கத்தை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன், அவ்வளவுதான் என்றேன்.

"லைன் சரியில்ல மேடம். நீங்க சொன்னது எதுவும் எனக்குக் கேக்கல" என்று சொல்லி வைத்துவிட்டார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

ஸ்கேன் சென்டர் வரவேற்பில் விசாரித்தபோது, தணிகைவேல் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் இருப்பதாகச் சொன்னார்கள். போனேன். முன் மேசையில் உட்கார்ந்து, வெளிநாட்டுக்காரர் ஒருவரின் பாஸ்போர்ட் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார். முப்பது வயதைத் தாண்டியிருக்கும். சேத்துப்பட்டுப் பக்கம் விவசாயக் குடும்பம், வீட்டில் இவர்தான் முதலில் கம்ப்யூட்டர் படித்தவர் என்று பேச்சில் தெரிந்தது. ஊரில் வேறு எந்த சென்டரும், ஆஸ்பத்திரியும் அவரை எடுக்கவில்லை. நான் எந்த நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னதும் முகம் இறுகிவிட்டது. எழுந்து நின்றுகொண்டார்.

"திரும்ப ஏதாவது கையெழுத்து வேணுமாங்க?" என்று கேட்டார். புகாரை மூடும்போது ஏதோ ஒன்றில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள் என்று புரிந்தது.

அவருடைய பழைய லேப்டாப்பில் அந்தக் கட்டளை இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. வேலையை விட்டு வந்த பிறகு அதை அவர் திறக்கவே இல்லை. விடுதியின் பின்பக்கம், துணி காயப்போடும் இடத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். அடையாளக் கோப்பைப் பற்றிய பத்தியைத் திறந்து, அதை எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொன்னேன்.

படித்தார். முதல் வாக்கியம் முடிந்ததும் நின்றார். திரையை மேலும் கீழும் நகர்த்தினார். மறுபடியும் படித்தார். நான் புதிய பக்கத்தை என் கம்ப்யூட்டரில் திறந்து அவர் பக்கம் திருப்பினேன். பிறகு அவர் லேப்டாப்பில் இருந்த மூலக் கோப்பைத் திறந்து, புள்ளியில் தொடங்கும் வரியைக் காட்டி, அது ஏன் திரைக்கு வரவில்லை என்று சொன்னேன். விளக்கம் முடிவதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. கட்டளைகளோடு பழகியவர்தானே.

"இல்லவே இல்ல" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை, தனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது.

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. இரண்டு கைகளையும் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி, நடந்ததைச் சொன்னார். டிஸ்க் நிறைந்துகொண்டு வந்ததால் தேவையில்லாத எக்ஸ்ரேக்களை நீக்கச் சொன்னார்கள். முன்பு எடுத்ததோடு ஒப்பிட வேண்டிய நோயாளிகளின் படங்கள் ஒரு பெரிய கோப்புறையில், ஆளுக்கு ஒரு உள் கோப்புறையாக இருந்தன. மேனுவலைப் படித்து, அந்தப் பெரிய கோப்புறையில் அடையாளத்தைப் போட்டுவிட்டுக் கட்டளையை ஓட்டினார். எல்லாம் போயிற்று. இன்னொரு டிஸ்க்கில் இருந்த நகலிலும், இங்கே நீங்கியதெல்லாம் தானாகவே நீங்கிவிட்டது. படித்துவிட்டுத்தான் செய்தேன் என்று எல்லாரிடமும் சொன்னார். எங்கள் உதவிப் பிரிவு அனுப்பிய இணையப் பக்கத்தை சென்டரின் டாக்டர் அவர் முன்னால் திறந்து வைத்தார். வரி அங்கே இருந்தது.

அழிந்தவற்றில் போளூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியின் படங்களும் இருந்தன. சினைப்பையில் கட்டி. மாறுகிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வலி அதிகமாகி வந்தபோது ஒப்பிடப் பழைய படம் இல்லை. வெளியூரில் ஆபரேஷன் செய்து ஒரு பக்கத்துச் சினைப்பையையே எடுத்துவிட்டார்கள். சாதாரணக் கட்டிதான் என்று பிறகு முடிவு வந்தது. கல்யாணமாகி இரண்டு வருஷம், குழந்தை இல்லை.

"அவங்க வீட்டுக்காரர் சென்டருக்கு வந்தாருங்க. திட்டல, கை ஓங்கல. 'நீங்க ஒரு தபா படிச்சிருக்கக் கூடாதா சார்'னு மட்டும் கேட்டாரு. நான் படிச்சேன்னு அவருகிட்ட சொல்ல எனக்கு வாய் வரல."

டாக்டருக்கு இது தெரிய வேண்டும் என்றார். விடுதி முதலாளியிடம் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு என்னோடு ஆட்டோவில் வந்தார்.

டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. சென்டர் அவருடையதுதான். நோயாளிகளுக்கு நடுவில் எங்களை உள்ளே விட்டார். இரண்டு திரைகளையும் பார்த்ததும் விஷயம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உன் மேல தப்பில்ல தணிகை. நான் அன்னிக்கு உன் லேப்டாப்பத் தெறந்து பாத்திருக்கணும். அவங்க அனுப்புனத மட்டும் பாத்தேன்" என்றார். யாராவது அவரைப் பற்றி விசாரித்தால் நடந்ததை அப்படியே சொல்வதாகச் சொன்னார். அவர் இடத்தில் வேறு ஆள் வந்துவிட்டதையும் மறைக்காமல் சொன்னார். பிறகு, "அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் என்னால இத சொல்ல முடியாது. ரெண்டு எழுத்தாலனு எப்படிம்மா சொல்றது?" என்று என்னைக் கேட்டார். வெளியே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். எழுந்து வந்துவிட்டோம்.

வாசலில் தணிகைவேல் தயங்கி நின்றார். வீடு பக்கத்தில்தான், ஐந்து நிமிடம் வர முடியுமா, மனைவியிடம் நானே சொன்னால் நன்றாக இருக்கும் என்றார். போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறையும் சமையலறையுமான வாடகை வீடு. அவர் மனைவி பெயர் ஜெயந்தி. பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அலுவலக வேலை, அப்போதுதான் வந்திருந்தாள். நின்றபடியே கேட்டாள். நான் ஆறுதலாக ஏதோ சொல்ல வேண்டும் என்று நினைத்து, இப்போதாவது உங்களுக்கு உண்மை தெரிந்ததே என்றேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியுங்க" என்றாள். "மருந்துச் சீட்டு வந்தாக்கூட முழுசா படிச்சிட்டுத்தான் எனக்கு மாத்திரை குடுப்பாரு. எங்க அப்பா அம்மாகிட்டல்லாம் சண்ட போட்டேன், அவர் படிச்சிருப்பாருனு. ஒரு மாசம் கழிச்சு இவரே வந்து உக்காந்து, 'இல்ல ஜெயந்தி, நான்தான் அந்த வரிய வுட்டுட்டேன் போல'னு சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் நான் யாருகிட்ட போய் சண்ட போடறது?"

தணிகைவேல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாரும் சேர்ந்து ஒரு வரி இருக்கிறது இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தால், கண்ணால் பார்த்தவனுக்கே தன் கண் மேல் நம்பிக்கை போய்விடும். வேலை போனதைவிட எனக்கு அதுதான் பெரிய இழப்பாகத் தெரிந்தது. வேறு வேலை கிடைக்கலாம். அன்று நான் காட்டிய பிறகும், தான் படித்ததுதான் சரி என்ற பழைய நம்பிக்கை அவருக்கு வந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த வரியைத் தொடாத ஒருவர் மேல் பழியை ஏற்றி வைத்துவிட்டு, எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நாங்கள் புகாரை மூடியிருந்தோம்.

நான் ஓய்வு பெற்ற பிறகு, நிறுவனத்தின் பக்கத்தில் ஒரு அறிவிப்பு வந்தது. சில பதிப்புகளில், சில திரைகளில், ஒரு வாக்கியம் தோன்றாமல் இருந்திருக்கலாம் என்று ஒற்றை வரி. எந்த வாக்கியம் என்று சொல்லவில்லை. அதுவாவது வந்தது என்று சொல்லிக்கொள்கிறேன்.

உங்களிடம் நான் கேட்பது இதைத்தான். கோப்பைத் திருத்தினால், திருத்திய பிறகு அதைப் படிப்பவர் பார்க்கிற மாதிரித் திரையில் திறந்து, ஒரு முறை முதலிலிருந்து கடைசி வரை படியுங்கள். சோதனைக் கருவி தெரியாத உத்தரவு என்று சொன்னால், அதன் வாயை அடைக்காமல் என்ன என்று பாருங்கள். படித்தேன், அங்கே இல்லை என்று ஒருவர் சொன்னால், அவர் எந்தத் திரையில் படித்தாரோ அதே திரையைப் பாருங்கள். நம்மிடம் இருப்பதைக் காட்டி அவர் வாயை மூடாதீர்கள். எச்சரிக்கையை உடனே அனுப்புவதா, உண்மையை உடனே சொல்வதா என்று வரும் நாளும் வரும். அன்று நான் செய்தது சரியா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை. இரண்டையும் ஒரே நாளில் செய்ய முயன்றேன், ஒன்றுதான் உருப்படியாக நடந்தது.

அன்று தணிகைவேல் என்னை வேங்கிக்கால் போகும் ஷேர் ஆட்டோ வரும் முனை வரைக்கும் கொண்டுவந்து விட்டார். ஆட்டோவுக்காக நிற்கும்போதுதான் அதைக் கேட்டார். வழியெல்லாம் அதை நினைத்துக்கொண்டே வந்திருக்க வேண்டும்.

"அந்த வரிய அப்படி மாத்தினது யாருனு உங்களுக்குத் தெரியுங்களா மேடம்?"

தெரியும் என்றேன். அந்தத் திருத்தத்தில் பெயர் இருந்தது. வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளே ஆனவர், சொல்லிக் கொடுத்த விதிப்படி செய்தவர், இப்போது வேறு எங்கோ இருக்கிறார். அந்தப் பெயரை இவரிடம் சொல்ல வேண்டியிருக்குமோ என்று காலையிலிருந்தே எனக்குப் பயமாக இருந்தது. கேட்டால் மறுக்க எனக்கு உரிமை இருப்பதாகவும் தோன்றவில்லை.

அவர் பெயரைக் கேட்கவில்லை.

"இவ்ளோ நடந்தது அவங்களுக்குத் தெரியுமா?"

தெரிந்திருக்க வழியில்லை என்றேன்.

ஆட்டோ வந்து நின்றது. நான் ஏறி உட்கார்ந்ததும், கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்தார்.

"சொல்ல வேணாம் மேடம்" என்றார்.

நான் சொல்லவில்லை.